சொந்தமாக நூல் வெளியிடுபவர் கைக்கு வரும் பணத்தைக் கூட்டுவது எப்படி

தமிழில் சொந்தமாக நூல் போடுகிறவர்கள் பணத்தைக் கோட்டை விடுவது பெரும்பாலும் விற்பனையில் அல்ல, வரிசையில். முதலில் ஐந்நூறு படி அச்சடித்துப் பரணில் ஏற்றிவிடுவார்கள். வெளியீட்டு விழாவோடு கையிருப்பு தீரும். அப்புறம் அமேசானின் மின்னூல் சேவையான கிண்டிலைப் பற்றி விசாரிக்கும்போது, டிடிபி செய்தவரிடம் இருக்கும் கோப்பு எந்தக் கருவியிலும் திறக்காத பழைய எழுத்துருவில் இருப்பது தெரியவரும். இன்னொரு கூட்டம் முழு நாவலையும் இணையத்தில் இலவசத் தொடராக ஓட்டி முடித்துவிட்டு, அதே நாவலை அமேசானுக்கு மட்டுமே என்று எழுதிக்கொடுத்து மாட்டிக்கொள்ளும்.

ஒரே பிரதியிலிருந்து மின்னூல், அச்சு, நூலகம், ஒலிநூல், மொழிபெயர்ப்பு என்று ஐந்து இடங்களில் காசு வரலாம். ஒன்று மற்றொன்றின் வழியை அடைக்காதபடி அடுக்குவதுதான் வேலை. தமிழ்நாட்டிலிருந்து வெளியிடுபவரை மனதில் வைத்து, பெரும்பாலோருக்குச் சரிவரும் வரிசையில் கீழே சொல்கிறோம்.

கோப்பைச் சுத்தம் செய்யுங்கள்

மாஸ்டர் கோப்பு யூனிகோடில், வேர்டு வடிவத்தில், உங்கள் கையில் இருக்க வேண்டும். அச்சுக்கான பக்க வடிவமைப்பு அதிலிருந்து பிரிந்து போகும் கிளை. அதை மூலமாக நினைக்காதீர்கள். பாமினி, ஸ்ரீலிபி, வானவில் போன்ற பழைய குறியாக்கத்தில் தட்டச்சு ஆகியிருந்தால் என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றி ஒன்றில் போட்டு யூனிகோடாக்குங்கள். மாற்றிய பின்தான் உண்மையான வேலை ஆரம்பம். மாற்றி விட்டுவைக்கும் பிழைகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை.

முதலாவது, ஔகாரம். பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் ‘மௌனம்’, ‘மெளனம்’ இரண்டும் கணினிக்கு வேறு வேறு சொற்கள். இரண்டாவதில் இருப்பது ஒற்றைக்கொம்பும் ‘ள’ என்ற எழுத்தும். வாசகர் சரியான எழுத்தில் தேடினால் உங்கள் நூல் அகப்படாது. ‘கௌரவம்’, ‘பௌர்ணமி’, ‘ஔவை’ எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் உண்டு. மொத்தமாகத் தேடி மாற்றும் கட்டளையைக் கொடுத்துவிடாதீர்கள். ‘மெள்ள’, ‘கெளுத்தி’, ‘ஒளி’ எல்லாம் கெட்டுப்போகும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்ற வேண்டும், முந்நூறு பக்க நாவலுக்கு ஒரு மணி நேரம் ஆகலாம்.

இரண்டாவது, துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ உட்கார்ந்திருப்பது. ‘காலம்’ என்பது ‘கரலம்’ ஆகியிருக்கும். வேகமாகப் படிக்கிற கண்ணுக்கு இது தப்பிவிடும். உரையைக் கணினியைவிட்டு உரக்கப் படிக்கச் சொன்னால் காது பிடித்துவிடும்.

மூன்றாவது, புள்ளி வட்டம். உயிர்மெய்க் குறிகள் வரிசை மாறிப் பதிவாகியிருந்தால் எழுத்துக்குப் பக்கத்தில் புள்ளிகளால் ஆன சிறு வட்டம் தெரியும். அந்தச் சொல்லை முழுதாக அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டச்சு செய்வதே சுருக்கமான வழி.

நான்காவது, பக்க வடிவமைப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் குப்பை: ஒவ்வொரு வரி முடிவிலும் வெட்டு, சொல்லை இரண்டாக முறித்த இடைக்கோடு, இரட்டை இடைவெளி, பக்க எண்கள். இவை இருந்தால் கைப்பேசியில் பத்தி பாதி வரியில் முறிந்து முறிந்து நிற்கும். மின்னூல் விமர்சனங்களில் ஒற்றை நட்சத்திரம் வாங்கித் தருவது பல நேரங்களில் கதை அல்ல, இந்த முறிவுதான்.

சுத்தமான கோப்பில் அத்தியாயத் தலைப்புகளுக்கு வேர்டின் ‘ஹெட்டிங் 1’ பாணியைக் கொடுங்கள், உள்ளடக்கப் பட்டியல் தானாக உருவாகும். பத்தித் தொடக்கத்துக்கு இடைவெளி விசையைத் தட்டித் தள்ளாமல் பத்தி அமைப்பில் உள்தள்ளல் வையுங்கள். கடைசியாக, கோப்பைக் கிண்டில் பிரிவியூவர் என்ற முன்னோட்ட மென்பொருளில் திறந்து, கைப்பேசித் திரை அளவில் முதல் அத்தியாயம் முழுதையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

கணக்குத் திறப்பதும் வரிப் படிவமும்

அமேசானில் நாமே நூலை ஏற்றி விற்கும் தளமான கேடிபியில் ஒருவருக்கு ஒரே கணக்குதான். மனைவி பெயரில் ஒன்று, புனைபெயரில் ஒன்று என்று திறந்தால் எல்லாமே முடக்கப்படலாம். புனைபெயர் எத்தனை வேண்டுமானாலும் ஒரே கணக்குக்குள் வைத்துக்கொள்ளலாம், அதற்குத் தடை இல்லை. பெயர், பான் அட்டை, வங்கிக் கணக்கு மூன்றிலும் எழுத்துக்கூட்டல் ஒத்துப்போக வேண்டும்.

கணக்குத் திறக்கும்போது வரும் அமெரிக்க வரி நேர்காணலைப் பலர் ஏனோதானோவென்று நிரப்பிவிடுகிறார்கள். அங்கே இந்தியாவில் வசித்து வரி கட்டுபவர் என்று குறிப்பிட்டு, வரி அடையாள எண்ணாகப் பான் எண்ணைக் கொடுத்து, இரு நாட்டு ஒப்பந்தத்தின் சலுகையைக் கேட்க வேண்டும். கேட்டால் அமெரிக்க விற்பனை ராயல்டியில் 15 சதவீதம் பிடிப்பார்கள். கேட்காவிட்டால் 30 சதவீதம். ஐந்து நிமிட வேலை, ஆனால் வெளிநாட்டு வாசகர்கள் இருக்கிற எழுத்தாளருக்கு வருடம் முழுவதும் காசு.

மின்னூலுக்கு ஐஎஸ்பிஎன் (நூலுக்கான சர்வதேச அடையாள எண்) தேவையில்லை, அமேசான் தன் எண்ணைத் தானே கொடுத்துக்கொள்ளும். அட்டைப்படம் 2560 பிக்சல் உயரமும் 1600 பிக்சல் அகலமுமாக இருக்கட்டும். அதைச் செய்து முடித்ததும் கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். தலைப்பு படிக்க முடியவில்லை என்றால் அட்டை இன்னும் முடியவில்லை. இலவசமாகக் கிடைக்கும் தமிழ் எழுத்துரு என்பதற்காக அட்டையில் போட்டுவிட முடியாது. வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். நோட்டோ வரிசைத் தமிழ் எழுத்துருக்களுக்கு அந்த அனுமதி உண்டு.

தலைப்பைத் தமிழில் மட்டும் பதிவது இன்னொரு தவறு. கைப்பேசியில் தமிழ்த் தட்டச்சு வைத்திருக்கும் வாசகர்களிலும் பலர் கடையில் தேடும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். ஆங்கில எழுத்தில் அந்தத் தலைப்பைத் துணைத்தலைப்பாகச் சேர்த்து, அட்டையிலும் சின்னதாகப் போட்டுவிடுங்கள். அட்டையில் இல்லாததைத் தலைப்பில் சேர்த்தால் கேடிபி ஆட்சேபம் எழுப்பும். தேடுசொற்களுக்கு 7 பெட்டிகள் தருவார்கள். அதில் உங்கள் பெயரையும் நூல் தலைப்பையும் திரும்ப எழுதி வீணாக்காதீர்கள். ‘கிராமத்துக் குடும்ப நாவல்’, ‘துப்பறியும் தொடர்’ என்று வாசகர் தேடும் விதத்தில், பாதி தமிழிலும் பாதி ஆங்கில எழுத்திலுமாகப் போடுங்கள்.

விலை: மனக்கணக்கு போதாது

கிண்டிலில் ராயல்டி இரண்டு விதம், 35 சதவீதம், 70 சதவீதம். இந்தியக் கடையில் 70 சதவீதம் வேண்டுமானால் நூலைக் கேடிபி செலக்ட்டில் (மின்னூலை அமேசானுக்கு மட்டுமே தரும் திட்டம், கீழே சொல்கிறோம்) சேர்த்தாக வேண்டும், விலையும் அவர்கள் சொல்லும் வரம்புக்குள் இருக்க வேண்டும். அதோடு ஒரு நிபந்தனை: அச்சுப் புத்தகம் இருந்தால் மின்னூல் விலை அதைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும்.

70 சதவீதத்தில் இன்னொரு பிடித்தம் ஒளிந்திருக்கிறது, கோப்பை வாசகருக்கு அனுப்பும் செலவு. இந்தியக் கடையில் ஒரு எம்பிக்கு 7 ரூபாய். கணக்கைப் பாருங்கள். விலை 150 ரூபாய், கோப்பு 1.5 எம்பி என்றால் அனுப்பும் செலவு 10.50 போக 139.50, அதில் 70 சதவீதம் 97.65. படங்கள் நிறைந்த சமையல் நூலோ பயண நூலோ 12 எம்பி வந்துவிட்டால் அனுப்பும் செலவே 84 ரூபாய். மிச்சம் 66, அதில் 70 சதவீதம் 46.20. அனுப்பும் செலவே இல்லாத 35 சதவீதத்தில் 52.50 கிடைத்திருக்கும்! 150 ரூபாய் நூலுக்கு எல்லைக்கோடு ஏறத்தாழ 10.7 எம்பி. ஆகவே படங்களை நூலில் வைப்பதற்கு முன் சுருக்குங்கள். உரை மட்டும் உள்ள நாவல் ஒரு எம்பியைத் தாண்டினால் எழுத்துரு ஏதாவது கோப்புக்குள் புதைந்திருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் எடுத்துவிடுங்கள்.

வெளிநாட்டு விலைகளைத் தனித்தனியாக வைக்க வேண்டும். கேடிபி இந்திய விலையைத் தானாக டாலருக்கு மாற்றிப் போட்டுவிடும். 150 ரூபாய் இரண்டு டாலருக்குக் கீழே போய் நிற்கும். அமெரிக்கக் கடையில் 70 சதவீதம் 2.99 டாலரில்தான் தொடங்குகிறது, 9.99 வரை. 1.99 டாலருக்கு விற்றால் கையில் 70 சென்ட், 2.99 வைத்தால் ஒரு எம்பி கோப்புக்கு அனுப்பும் செலவு 15 சென்ட் போக 1.99 டாலர் அளவில் வரும். விலையில் ஒரு டாலர் கூடியதற்கு வருமானம் மூன்று பங்கை நெருங்குகிறது. நியூ ஜெர்சியிலோ டொராண்டோவிலோ இருந்து தமிழ் நூல் வாங்குகிறவர் அந்த ஒரு டாலருக்காகத் திரும்பிப் போக மாட்டார். சிங்கப்பூர், மலேசியா வாசகர்களுக்கு விற்பதில் 70 சதவீதம் பொருந்தாது, 35தான். திட்டம் போடும்போது இதை மறந்துவிட்டுப் பிறகு அறிக்கையைப் பார்த்துக் குழம்புவார்கள்.

பணம் எப்போது வரும்? மாத முடிவிலிருந்து ஏறத்தாழ 60 நாள் கழித்து. ஜனவரி விற்பனைக் காசு மார்ச் கடைசியில்தான் கைக்கு வரும் என்று வைத்துக்கொண்டு அச்சகத்துக்கு வாக்குக் கொடுங்கள்.

செலக்ட்டில் சேர்வதா, வேண்டாமா

செலக்ட் 90 நாள் ஒப்பந்தம். அந்த 90 நாளும் அந்த நூலின் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. தொடர்கதைத் தளமான பிரதிலிபி, கூகுள் பிளே, உங்கள் சொந்த வலைப்பக்கம், டெலிகிராம் குழுவில் போட்ட பிடிஎஃப் எல்லாம் இதில் அடக்கம். முன்னோட்டமாக 10 சதவீதம் வரை வெளியே காட்டலாம். அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை இல்லை. 90 நாள் முடிந்தால் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். வெளியேற நினைத்தால் முன்கூட்டியே தானியங்கிப் புதுப்பித்தலுக்கான குறியை எடுத்துவிட வேண்டும்.

பதிலுக்குக் கிடைப்பது மூன்று: இந்தியாவில் 70 சதவீதம், 90 நாளில் 5 நாள் நூலை இலவசமாகக் கொடுக்கும் வசதி, கிண்டில் அன்லிமிட்டெட் சந்தாதாரர்கள் படிக்கும் பக்கத்துக்குக் காசு. பக்கக் காசு இந்தியாவில் பைசாக் கணக்கு. கணக்குக்காக ஒரு பக்கத்துக்கு 10 பைசா என்று வைத்துக்கொண்டால், 250 பக்க நாவலை ஒருவர் முழுதாகப் படித்தால் 25 ரூபாய். ஒரு வாசகர் ஒரு பக்கத்தை எத்தனை முறை படித்தாலும் முதல்முறைக்கு மட்டுமே காசு. ஆகவே சந்தாவில் சம்பாதிப்பவை நீளமான, அடுத்த பாகத்துக்கு இழுக்கும் நூல்கள்: குடும்ப நாவல்கள், துப்பறியும் தொடர்கள், பேய்க் கதைகள். ஐம்பது பக்கக் கவிதைத் தொகுப்புக்கு அங்கே ஐந்து ரூபாய்தான் தேறும். கவிதை எழுதுகிறவர் செலக்ட்டைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ளாமல் நேரே அச்சுக்குப் போகலாம்.

தொடர்கதைத் தளத்தில் வாசகர்கள் உள்ளவர்கள் செய்ய வேண்டியது: தொடரை அங்கே முடியுங்கள், ஓரிரு மாதம் ஓடவிடுங்கள், பிறகு அத்தியாயங்களை நீக்கிவிட்டு, நீக்கியது தேடுபொறியிலும் மறைந்ததா என்று ஒரு வாரம் கழித்துப் பார்த்து, அதன் பிறகே செலக்ட்டில் சேருங்கள். அந்தத் தளத்தோடு கட்டணத் தொடருக்கான ஒப்பந்தம் ஏதாவது போட்டிருந்தால், நீக்க உங்களுக்கு உரிமை உண்டா என்று முதலில் படியுங்கள். இரண்டு இடத்திலும் தனியுரிமை எழுதிக்கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

யாராவது உங்கள் நூலைத் திருடி டெலிகிராமில் போட்டாலும் அமேசானிலிருந்து உங்களுக்குத்தான் மின்னஞ்சல் வரலாம். பதற வேண்டாம். அனுமதி இல்லாமல் போட்டது, நீக்கக் கோரியிருக்கிறேன் என்று அவர்கள் கொடுத்த கெடுவுக்குள் பதில் எழுதி, நீக்கக் கோரியதன் ஸ்கிரீன்ஷாட்டையும் இணையுங்கள். பதில் எழுதாமல் விடுவதுதான் ஆபத்து.

வாட்ஸ்அப் குழுக்களில் ‘நீங்க என் புக்கை ஓட்டுங்க, நான் உங்க புக்கை ஓட்டறேன்’ என்று பக்கம் புரட்டிக்கொள்வதும், விமர்சனத்தைப் பண்டமாற்றாகப் போட்டுக்கொள்வதும் நடக்கிறது. இதில் கிடைக்கும் பைசாவுக்காகக் கணக்கையே இழக்கலாம். கணக்கு போனால் அதிலுள்ள எல்லா நூல்களும், வர வேண்டிய ராயல்டியும் சேர்ந்தே போகும்.

ஐந்து இலவச நாட்களை முதல் வாரத்திலேயே கொட்டிவிடாதீர்கள். தொடரின் இரண்டாம் பாகம் வெளியாகும் நாளில் முதல் பாகத்தை இரண்டு நாள் இலவசமாக விடுவதுதான் பயன் தரும். ஒற்றை நூல் மட்டும் வைத்திருப்பவர் இலவசமாகக் கொடுத்தால் வாசகர் வாங்குவதற்கு அடுத்து ஒன்றும் இருக்காது.

அச்சு: ஐம்பதில் தொடங்குங்கள்

கேடிபியின் அச்சுப் புத்தக வசதி இந்திய அமேசானில் விற்பனைக்கு வருவதில்லை. ஆகவே அச்சுக்கு உள்ளூர் அச்சகம்தான். 30, 50 படி என்று டிஜிட்டலில் அடித்துத் தரும் அச்சகங்கள் சென்னையிலும் சிவகாசியிலும் மற்ற நகரங்களிலும் உண்டு.

அச்சகத்தில் பேச்சு ஃபாரம் கணக்கில் நடக்கும். ஒரு ஃபாரம் 16 பக்கம். 160 பக்கம் என்றால் சரியாக 10 ஃபாரம். 163 பக்கம் வந்துவிட்டால் ஆஃப்செட்டில் (தகடு போட்டு மொத்தமாக அடிக்கும் முறை) அந்த மூன்று பக்கத்துக்காகக் கூடுதலாகச் செலவாகும், வெற்றுப் பக்கங்களும் விழும். லே-அவுட் செய்பவரிடம் எழுத்தளவையோ வரி இடைவெளியையோ கொஞ்சம் தொட்டு 160க்குள் அடக்கச் சொல்லுங்கள். தமிழுக்கு டெம்மி அளவில் (நாவல்களுக்கு வழக்கமான புத்தக அளவு) 11 அல்லது 11.5 புள்ளி எழுத்து கண்ணுக்கு இதம். பத்துக்குக் கீழே இறக்கிப் பக்கம் மிச்சம் பிடிக்காதீர்கள். தமிழ் நூல் வாங்குகிறவர்களில் கண்ணாடி போட்டவர்கள் அதிகம்.

அட்டையின் முதுகு அளவை அச்சகத்தாரிடம் கேட்டு வாங்கிய பிறகே அட்டையை முடியுங்கள். 160 பக்கம் என்றால் 80 தாள். 70 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாளில் தாளுக்கு 0.1 மில்லிமீட்டர் என்று வைத்தால் 8 மில்லிமீட்டர். கொஞ்சம் தடித்த தாளுக்கு மாற்றினால் முதுகில் உள்ள தலைப்பு முன்னட்டைக்கு ஏறிவிடும். ஒரே ஒரு மாதிரிப் படி அடித்துக் கையில் வாங்கிப் பார்க்காமல் மொத்தத்துக்கும் சரி சொல்லாதீர்கள். மாதிரிப் படியை நடுவில் விரித்துப் பாருங்கள், பசை விடுகிறதா, உள் ஓரத்தில் எழுத்து மறைகிறதா என்று.

எடுத்துக்காட்டுக்கு 50 படி அடிக்க ஒன்றுக்கு 85 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பனை விலை அடக்கத்தைப் போல குறைந்தது இரண்டரை மடங்கு இருக்க வேண்டும், 220 ரூபாய் என்று வைக்கலாம். இப்போது ஒரு படி எந்த வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்து உங்கள் கைக்கு வருவது மாறும். வாசகருக்கு நேரே 10 சதவீதக் கழிவில் 198 ரூபாய்க்கு விற்று, அஞ்சல் செலவை அவரிடமே வாங்கி, அடக்கம் 85 ரூபாயும் உறைக்கு 10 ரூபாயும் போனால் மிச்சம் 103. கடைக்கு 35 சதவீதக் கழிவு கொடுத்தால் 143 வரும், மிச்சம் 58. விநியோகஸ்தருக்கு 50 சதவீதம் கொடுத்தால் 110 வரும், மிச்சம் 25. அதுவும் விற்ற பிறகு, அவர் கணக்கு முடிக்கும்போது.

ஆஃப்செட்டில் 500 படி அடித்தால் ஒன்று 55 ரூபாய்க்கு இறங்கலாம், ஆசை காட்டும் கணக்குதான். ஆனால் 27,500 ரூபாய் முன்பணம். கடைகள் வழியாக விற்றால் 193 படி விற்கும் வரை போட்ட காசு வராது. முதல் நூலுக்கு 193 படி என்பது சின்ன எண் அல்ல. ஐம்பதில் தொடங்கி, இரண்டு மாதத்தில் மூன்றாவது முறை அடிக்க வேண்டிவந்தால் அப்போது ஆஃப்செட்டுக்குப் போங்கள்.

ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாக வழங்குகிறது, இணையத்தில் விண்ணப்பிக்கலாம். இதற்கென்று ஆயிரக்கணக்கில் கேட்கும் ‘பதிப்பு உதவி’ நிறுவனங்களிடம் கொடுக்காதீர்கள். அவர்கள் எண்ணில் வந்தால் பதிவேட்டில் பதிப்பாளர் அவர்கள்தான், நீங்கள் அல்ல. பின்னால் நூலக விண்ணப்பத்தில் இது இடிக்கும். சாதா அட்டைக்கும் கெட்டி அட்டைக்கும் தனித்தனி எண்.

நூல் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, தில்லி நூலகங்கள் நான்குக்கும் ஒவ்வொரு படி அனுப்ப வேண்டும் என்பது 1954ஆம் ஆண்டுச் சட்டம். சொந்தப் பதிப்பாளரும் பதிப்பாளரே. அச்சடிக்கும்போதே இந்த நான்கு படிகளையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

நேரே விற்பது

நூறு ரூபாய் மிச்சம் இருக்கிற வழி இதுதான், அதனால் உழைப்பை இங்கே போடுங்கள். முன்பதிவு அறிவித்து, கூகுள் ஃபார்மில் பெயர், முகவரி, பின்கோடு, கைப்பேசி எண் நான்கையும் தனித்தனிக் கட்டமாக வாங்குங்கள். பின்கோடு இல்லாமல் வாட்ஸ்அப்பில் வந்து விழும் முகவரிகளைச் சேகரிப்பதிலேயே பாதி நாள் போய்விடும். ஜிபே எண்ணுக்குப் பணம் வந்ததை ஒரு தாளில் தேதியோடு பதியுங்கள். முன்பதிவில் 40 பேர் சேர்ந்த பிறகு 50 படிக்கு ஆர்டர் கொடுத்தால் அச்சுச் செலவு முழுதும் அவர்கள் பணத்திலேயே முடிந்துவிடும்.

டெம்மி அளவு 160 பக்க நூல் 70 ஜிஎஸ்எம் தாளில் 190 கிராம் அளவில் இருக்கும், உறையோடு 220. அஞ்சல் துறையின் பழைய பதிவுப் புத்தக அஞ்சல் இப்போது இல்லை. அந்த இடத்தில் 2025 மே மாதம் வந்த ஞான் போஸ்ட்டில் 300 கிராம் வரை 20 ரூபாயும் வரியும். தடம் பார்க்கும் வசதி உண்டு. தரைவழி என்பதால் மெதுவாகப் போகும். நூலில் அச்சகம் அல்லது பதிப்பகத்தின் பெயர் அச்சாகியிருக்க வேண்டும், விளம்பரம் இருக்கக் கூடாது. பின்னட்டையின் உள்பக்கத்தில் நண்பரின் துணிக்கடை விளம்பரம் போட்டு இந்தச் சலுகையை இழக்காதீர்கள். எல்லாச் சிற்றூர் அஞ்சலகங்களிலும் கவுன்ட்டரில் இருப்பவருக்கு இது பழக்கமாகியிருக்காது, பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

புத்தகக் காட்சிக்கு வருவோம். சென்னையில் பொங்கலை ஒட்டி ஜனவரியில், ஈரோட்டில் ஆகஸ்டில், பிற மாவட்டங்களில் அவரவர் காலத்தில். ஒரு நூலோ இரண்டு நூலோ வைத்திருப்பவர் தனி அரங்கு எடுத்தால் வாடகைக்கே கட்டுப்படியாகாது. ஏற்கெனவே அரங்கு எடுத்திருக்கும் பதிப்பகத்திடமோ விற்பனையாளரிடமோ 35 முதல் 40 சதவீதக் கழிவுக்கு 20 படி வையுங்கள். கொடுக்கும்போது எண்ணிக்கை, கழிவு, கணக்கு முடிக்கும் தேதி மூன்றும் எழுதிய டெலிவரி சலான் ஒன்றில் கையெழுத்து வாங்குங்கள். காட்சி முடிந்த கடைசி நாள் இரவே மிச்சப் படிகளை நேரில் போய் எடுத்துவிடுவது நல்லது. அடுத்த ஊருக்கு லாரியில் ஏறிய படிகள் திரும்பி வருவது அபூர்வம், வந்தாலும் முனை மடங்கித்தான் வரும்.

நூலகமும் பரிசும்

பொது நூலக இயக்ககம் நூல் வாங்க நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும். ஐஎஸ்பிஎன், முதற்பதிப்பு ஆண்டு, நூல் அளவு, பக்கம், தாளின் தரம் இவை நூலின் பதிப்புப் பக்கத்தில் தெளிவாக அச்சாகியிருக்கட்டும். டிசம்பர் கடைசியில் நூல் கையில் வருகிறதென்றால் வெளியீட்டையும் பதிப்புத் தேதியையும் ஜனவரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரே வாரத்தில் நூல் ‘போன வருட நூல்’ ஆகிவிடும். நூலகத் துறை நெடுங்காலம் ஃபாரம் கணக்கில்தான் விலை போட்டு வந்தது, ஆகவே அட்டையில் 400 ரூபாய் என்று போட்டால் அங்கே அப்படியே கிடைக்கும் என்று நம்பாதீர்கள். நூலக ஆணை கிடைத்தால் அது நல்ல தொகை. ஆனால் எப்போது வரும், எவ்வளவு வரும் என்பது உங்கள் கையில் இல்லாததால் அதை நம்பிக் கடன் வாங்கி அச்சடிக்காதீர்கள்.

தமிழ் வளர்ச்சித் துறையின் சிறந்த நூல் பரிசில் நூலாசிரியருக்கும் பதிப்பகத்துக்கும் தனித்தனியாகத் தொகை உண்டு. சொந்தப் பதிப்பென்றால் இரண்டும் ஒரே வீட்டுக்கு வரும்.

ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரை

யாராவது ஒலிநூலுக்குக் கேட்டு வந்தால் ‘எல்லா உரிமைகளும், எல்லாக் காலத்துக்கும்’ என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு உங்கள் பக்கம் இருக்கிறது. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஓர் ஆண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாத பட்சத்தில், உரிமை உங்களிடமே திரும்பும்.

ஆகவே எழுதிக்கொடுக்கும்போது ‘தமிழ் ஒலிநூல் வடிவம் மட்டும், மூன்று ஆண்டு’ என்று குறுக்கிச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பு உரிமையை மொழி மொழியாகப் பிரித்துக் கொடுங்கள். திரை, இணையத் தொடர் உரிமையை ஒலிநூல் ஒப்பந்தத்தின் ஓரத்தில் நுழைய விடாதீர்கள். மொத்தத் தொகை, ராயல்டி என்று இரண்டு தேர்வு வந்தால், முதல் நூலுக்கு மொத்தத் தொகையை வாங்குவதே எங்கள் அபிப்பிராயம். கேட்ட நிமிடங்களின் கணக்கை எழுத்தாளர் சரிபார்க்க வழி கிடையாது.

வரி

அச்சிட்ட நூலுக்கு ஜிஎஸ்டி இல்லை. வருமான வரியில் இரண்டு பையாகப் பிரித்து வையுங்கள்: கேடிபி போன்ற இடங்களிலிருந்து வருவது ராயல்டி, நீங்களே அச்சடித்து விற்பது வியாபாரம். இரண்டாவதில் அச்சு, அட்டை, அஞ்சல், மெய்ப்பு பார்த்தவருக்குக் கொடுத்தது எல்லாம் செலவாகக் கழியும், ரசீது இருந்தால். எழுத்தாளர் ராயல்டிக்கு 3 லட்சம் வரை கழிவு தரும் ஏற்பாடு பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டும். வெளிநாட்டு ராயல்டிக்குப் பணம் குறித்த காலத்துக்குள் இந்தியாவுக்கு வந்திருக்க வேண்டும், அதற்கான படிவமும் வேண்டும். ராயல்டி லட்சத்தைத் தொடும் வருடத்தில் ஓர் ஆடிட்டரைப் பார்த்து எந்த முறை லாபம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பிடித்த 15 சதவீதத்தை இங்கே கட்ட வேண்டிய வரியில் கழிக்கக் கேட்கலாம் என்பதையும் அவரிடம் நினைவுபடுத்துங்கள். சிறு ஊர் ஆடிட்டர்களிடம் இந்த வகைக் கணக்கு அடிக்கடி வருவதில்லை. கேடிபி வருடா வருடம் தரும் வரிப் படிவத்தை இறக்கி அச்செடுத்துக் கையோடு கொண்டுபோங்கள்.